கழுத்தில் கட்டிய குரல்

சிவபாலனின் கழுத்திலிருந்த கட்டியை எடுத்தபோது, அது சுற்றிக்கொண்டிருந்த நரம்பும் சோர்ந்துபோனது. உயிருக்கு ஒன்றுமில்லை, குரல்தான் வெறும் காற்றாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தால் புரியும். ஆனால் பிள்ளையார்பாளையத்து அந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு தறிகள். ஒன்றில் அவர், இன்னொன்றில் மனைவி புவனேஸ்வரி. ஊடைநூலைச் சுமந்து நாடா ஓடுகிற சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி, கல்யாணமான நாள்முதல் பேசிக்கொண்டே நெய்த ஜோடி. இப்போது தறிகள் மட்டும் பேசின.

அவரைச் சிரமப்படுத்தக் கூடாது என்று புவனேஸ்வரி கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள். சோறு போடவா என்றால் தலையசைப்பு, கடைக்குப் போகட்டுமா என்றால் கையசைப்பு. அதற்குமேல் அவளாக எதுவும் கேட்பதில்லை.

அவள் ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். மத்தியானத்தில் தறியை விட்டு இறங்கி, ஜன்னலோர மேசையில் மிக்சி, மைக், ஹெட்செட் என்று ரிப்பேர் பார்ப்பாள். வாலாஜாபாத் அரிசி ஆலைக்காரர் ஜெயகுமார் ஒரு நாள் ரெக்கார்டு பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்தார். முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் கரகரத்தது.

"புதுசு மாட்டிடுமா. பழச நீயே வச்சிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழசுக்குள் ஒரு சின்னப் படிகம் இருந்தது. அசைவு எதுவானாலும் அதை மின்சாரமாக்கிவிடும். புவனேஸ்வரி விளையாட்டாக அதை ஸ்பீக்கரோடு இணைத்து, தன் கழுத்தில் வைத்து "அம்மா" என்றாள். ஸ்பீக்கரிலிருந்து கிணற்றுக்குள் நின்று யாரோ கூப்பிடுவதுபோல வந்தது. ஜன்னல் வெயில் மேசையைத் தாண்டிச் சுவரேறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சேலைக் கரைத் துண்டு ஒன்றில் அந்தப் படிகத்தைத் தைத்து சிவபாலன் கழுத்தில் கட்டினாள். கம்பியைச் சின்ன ஆம்ப்ளிஃபையருக்கு இழுத்து, ஹெட்செட்டைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

"பேசுங்க."

தோல் உரசும் சத்தம் புயலாக வந்தது. அவர் எச்சில் விழுங்கியது குடம் கிணற்றில் விழுந்ததுபோல இருந்தது. அதற்கடியில் ஏதோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா கேக்குது?" என்று அவர் உதட்டை அசைத்தார்.

"உங்களுக்குள்ள ஒரு ஆறு ஓடுதுங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மலை உருண்டதுபோல அவள் காதில் உருண்டது.

கஞ்சி போகக் கொதிக்கவைத்த கழிவுப் பட்டுநூலைப் பஞ்சாகப் பிரித்துப் படிகத்துக்கு அடியில் வைத்தாள். உரசல் அடங்கியது. ஆனால் அவர் தறியை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடி எலும்பு வழியாக ஏறிவந்து குரலை முழுங்கியது. அதற்குத்தான் வழி தெரியவில்லை.

தென்னேரியில் ஒரு வீட்டுக்கு ஸ்பீக்கர் கொடுத்துவிட்டு, ஏரிக்கரையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். இரண்டு எருமைகள் ஆளுக்கொரு பக்கம் தண்ணீரில் இறங்கின. இரண்டு பக்கத்து அலைகளும் நடுவில் வந்து சந்தித்தன. ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்த இடத்தில் தண்ணீர் இஸ்திரி போட்டதுபோலக் கிடந்தது. வானம் அந்த இடத்தில் மட்டும் உடையாமல் தெரிந்தது. பஸ் வந்து போனதை அவள் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதே மாதிரி இன்னொரு படிகத்தைத் தேடி எடுத்து, கம்பிகளைத் தலைகீழாக இணைத்து, சிவபாலனின் தோள்பட்டை எலும்பின் மேல் ஒட்டினாள். மிதியின் இடி இரண்டுக்கும் வரும், ஒன்றில் மேடாக, மற்றதில் பள்ளமாக. இரண்டும் சேர்ந்தால் கரைந்துபோகும். குரல் கழுத்தில்தானே இருக்கிறது, அது மட்டும் மிஞ்சும். நினைத்தது சரிதான், ஆனால் இரண்டையும் சமமாக்குவதற்குள் பல மத்தியானங்கள் போயின. சிவபாலன் கட்டிவிட்டதைக் கட்டிக்கொண்டு பேசாமல் நெய்வார். போகப்போக, கழுத்தில் ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

ஒரு நாள் ஆம்ப்ளிஃபையரின் குமிழை அவள் மெல்லத் திருகியபோது தறிச்சத்தம் தண்ணீருக்குள் அமிழ்ந்ததுபோல ஒடுங்கியது. அந்த அமைதியில், அவள் தலைக்குள்ளேயே பேசுவதுபோல ஒரு குரல் வந்தது.

"மேகம் கட்டிக்கினு வருது. மாடில துணி கெடக்குது, எடுத்தாளோ இன்னாவோ."

அவள் அசையவில்லை. நாடா இரண்டு பக்கமும் போய் வந்தது.

"இந்தப் பச்ச வெயில்ல ஒரு மாதிரி, நெழல்ல ஒரு மாதிரி இருக்குது. புவனாவக் கூப்ட்டுக் காட்டலாம்." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். பிறகு, "முன்னல்லாம் ஆயிரம் கேப்ப. இப்ப ஒண்ணும் கேக்க மாட்டேங்கற. கொரல் போனவங்கிட்ட இன்னா பேச்சுன்னு வுட்டுட்ட போல."

புவனேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை மாதமும் அவர் வாய்க்குள்ளேயே அவளிடம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"துணிய எடுத்துட்டேங்க" என்றாள்.

அவர் கால் மிதியிலேயே நின்றது. "எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. உங்களுக்கு வலிக்குமேன்னுதான் நான் ஒண்ணும் கேக்கல. வேற இன்னா இருக்கப்போவுது."

அவர் தறியில் விரிந்த பாவுநூலின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் கட்டுவதற்குக் கழுத்தைக் கொடுக்கவும் மறுத்துவிட்டார்.

"மனசுக்குள்ள பேசறதுக்கு ஒரு கதவு வேணும் புவனா."

நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. கட்டுப்பட்டையில், அவர் விரல் எட்டுகிற இடத்தில் ஒரு ஸ்விட்ச் வைத்துத் தைத்தாள். அதன்பிறகு காலையில் அவரே எடுத்துக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார். பேசினார்கள், சண்டையும் போட்டார்கள். தொண்டை கெட்டுப்போன எஸ்தர் டீச்சருக்கும் ஒன்று செய்துகொடுத்தாள். டீச்சர் வகுப்பில் நடந்துகொண்டே பேசுகிறவர், நடையின் அதிர்வு இன்னும் முழுதாகக் கரையவில்லை. அதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, இருவரும் தறியில் இருந்தார்கள். கோயில் மணி ஓய்ந்து, தூறல் ஆரம்பித்திருந்தது.

"விடிகாலைல தூக்கத்துல சிரிச்சீங்களே, இன்னா கனவு?" என்று கேட்டாள்.

ஸ்விட்சைத் தட்டும் சின்ன ஓசை காதில் விழுந்தது.

"பாலாத்துல கரைக்குக் கரை தண்ணி போவுது. மூக்குத்திக் கல்லாட்டம் செவப்பா மின்னுது. நீயும் நானும் நடுத்திட்டுல நிக்கறோம். படகு கொண்டாந்தாத்தான் ஆச்சுன்னு நீ எங்கிட்ட சண்ட போடற."

"படகு வந்துச்சா?"

"இருமா, சொல்றேன்" என்று அவர் நாடாவில் நூல் மாற்றினார்.