கலியன் சொன்னது முழுவதும்

கலியனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. கடலுக்குப் போக அது தடையாக இருந்ததில்லை. ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, விரலில் படும் அதிர்வை வைத்தே அடியில் சேறா, மணலா, பாறையா என்று சொல்லிவிடுவான். சொல்வது கையால். அந்தக் கையை முழுதாகப் படிக்கத் தெரிந்தவள் அவன் மனைவி முத்தம்மாள் ஒருத்திதான்.

முத்தம்மாள் காலையில் மீஞ்சூருக்குப் போய்த் தெருத்தெருவாக மீன் விற்பாள். 2008 பங்குனியில் ஒருநாள், பஞ்சாயத்து ஆபீசில் கொடுத்த அறிவிப்புத் தாளைக் கூடையில் செருகிக்கொண்டு போனாள். ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மெஹர்னிசா அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்குபவள்.

"இன்னா மெஹரு போட்டுக்கீது? கடலுக்குள்ள கொழாய்னு மட்டும் பிரியுது."

மெஹர்னிசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "புதுசா கரண்டு கம்பெனி வருதாம்க்கா. வெந்நீரைக் கடல்ல வுட கொழாய் போடப்போறாங்க. அதுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். அடுத்த மாசம் உங்க ஸ்கூல் கிரவுண்டுல. யாரு வேணா பேசலாம். எழுதியும் குடுக்கலாம்."

"முடிவு பண்ணிட்டுத்தானே வருவாங்க? பேசி இன்னா ஆவப்போது?"

"இங்க முடிவு பண்ண மாட்டாங்கக்கா. பேசுறதை அப்படியே எழுதி, வீடியோ எடுத்து டெல்லிக்கு அனுப்புவாங்க. அங்க ஒரு கமிட்டி படிக்கும். இவங்க இப்படிக் கேட்டுக்கிறாங்களே, உன் பதில் இன்னான்னு கம்பெனியக் கேக்கும். நம்ம வாயத் தொறக்கலைன்னா அந்தப் பேப்பர்ல நம்ம பேச்சே இருக்காது. தமிழ்ல ஒரு சுருக்கம் பஞ்சாயத்து ஆபீஸ்ல வெச்சிக்கிறாங்களாம், அண்ணனக் கூட்டிக்கினு போய்ப் பாருங்க. மேப்பு இருக்கும்."

மறுநாள் இருவரும் போனார்கள். கலியனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் வரைபடத்தைத் திருப்பி வைத்த உடனே கரையை அடையாளம் கண்டுகொண்டான். சவுக்குத் தோப்பிலிருந்து கடலுக்குள் போகும் குழாய்க் கோட்டின் மேலேயே விரலை நகர்த்தினான். கோடு முடிந்த இடத்தில் விரல் நின்றது.

"அங்க இன்னா எழுதிக்கீது சார்?" என்று முத்தம்மாள் கேட்டாள்.

"மணல் தரைன்னு போட்டிருக்கும்மா" என்றார் பஞ்சாயத்து எழுத்தர்.

அவள் கையால் சொன்னதும் கலியன் இல்லை என்று தலையை ஆட்டினான். ஒரு முஷ்டியின் மேல் இன்னொரு முஷ்டியை வைத்துக் காட்டினான். மீனவர்கள் 'பார்' என்று சொல்லும், மீன் ஒதுங்கும் கடலடிப் பாறைக்கு அவன் வைத்திருந்த சைகை அது.

கலியனோடு ஒரே படகில் கடலுக்குப் போகும் பூவராகவன் கூட்டத்துக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தான். "கலியன் அங்க வந்து இன்னா பண்ணுவான்? விஷயத்த எங்கிட்ட சொல்லு, நான் பேசிக்கிறேன்."

"நீ பேசறது உன்னுது. அவரு பேசறது அவருது" என்றாள் முத்தம்மாள். சொல்லிவிட்டாளே தவிர, மைக்கில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

பள்ளி மைதானத்தில் பந்தல். மேடையில் மாவட்ட அதிகாரி, பக்கத்தில் குறிப்பெழுதும் எழுத்தர், எதிரே வீடியோ கேமரா. சிலர் வேலை கேட்டார்கள், சிலர் கத்தினார்கள். பதிவு செய்த வரிசைப்படி கலியன் பெயரைக் கூப்பிட்டதும் இருவரும் எழுந்து போனார்கள்.

"யார் பேசப்போறீங்க?" என்றார் அதிகாரி.

"அவரு பேசுவாரு ஐயா. நான் வாயால சொல்லுவேன்."

கலியனின் கைகள் அசையத் தொடங்கின. மைக்கில் தன் மூச்சே பெரிதாகக் கேட்டதில் முத்தம்மாள் பயந்துபோனாள். "கொழாய் முடியற எடத்துல பார் கீது ஐயா. வெந்நீர் வுட்டா மீனு போய்டும். அவ்ளோதான்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த பெயரைத் தேடினார். கலியனின் கைகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. அவன் பேனாவைப் பார்த்தான், மூடியிருந்த அவள் உதட்டைப் பார்த்தான். கோபப்படவில்லை. அவள் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து, மறு கையால் சொன்னான்: நான் முடிக்கவில்லை.

அவளுக்கு முகம் சுட்டது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஆஸ்பத்திரியில், கடையில், சொந்தக்காரர் வீட்டில், அவன் கால் மணி நேரம் சொன்னதை எல்லாம் இரண்டு வரியில் முடித்திருக்கிறாள். கேட்பவர்களுக்குப் பொறுமை இருக்காது என்று அவளாகவே நினைத்துக்கொண்டது. அது அவனுக்குத் தெரியும் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"மன்னிக்கணும் ஐயா" என்றாள். "நான் சுருக்கிட்டேன். அவரு இன்னும் சொல்லிக்கினு கீறாரு."

"அவசரமே இல்லம்மா. முழுசா சொல்லுங்க" என்றார் அதிகாரி. பேனா மீண்டும் எழுந்தது.

அவள் அவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கரையிலேர்ந்து கால் மணி நேரம் படகு. பழைய கரண்டு கம்பெனியோட பெரிய புகைபோக்கியும் சவுக்குத் தோப்போட வடக்கு முனையும் ஒரே நேரா வர்ற எடம். அஞ்சு பாகம் ஆழம். கயிறு கல்லுல ஒரசும். மார்கழில சிங்கி இறால் முட்டையோட வந்து ஒதுங்கும். அந்த மாசம் மட்டும் நான் அங்க வலை போட மாட்டேன்..." சட்டென்று நிறுத்தினாள். "இது எனக்கே இப்பத்தான் தெரியுது ஐயா."

பந்தலில் சிலர் சிரித்தார்கள். கலியனும் சிரித்தான். பிறகு தொடர்ந்தான், அவளும் தொடர்ந்தாள். "கொழாயே வேணாம்ங்கறேன். போட்டுத்தான் ஆவணும்னா மொதல்ல வந்து அளந்து பாருங்க. எடத்த நான் காட்றேன்."

"யார் பேர்ல எழுதறது சார்?" என்றார் எழுத்தர்.

"கலியன் பேர்ல. எடுத்துச் சொன்னது முத்தம்மாள்னு பக்கத்துல எழுதுங்க" என்றார் அதிகாரி.

கூட்டம் முடிவதற்கு முன், எழுதியதை எல்லாம் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு சொல்லையும் முத்தம்மாள் கலியனுக்குக் கையால் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆழம் ஐந்து அடி என்று வந்தபோது அவன் அவள் தோளைத் தட்டினான். அவள் எழுந்து நின்றாள். "அஞ்சு அடி இல்ல சார், அஞ்சு பாகம், முப்பது அடி. அஞ்சு அடில மாடு நின்னு குளிக்கும்." எழுத்தர் அடித்துத் திருத்தினார்.

ஐப்பசியில் மெஹர்னிசா செய்தி சொன்னாள். கடலடியை மறுபடி அளக்கும்படி கமிட்டி கேட்டிருக்கிறதாம். அளக்க வந்த படகில் கலியன் இரண்டு நாள் போனான். பாறை இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்துக் குழாய் வரத்தான் செய்தது; அதன் வாய் மட்டும் தெற்கே அரை மைல் தள்ளி மணலுக்குப் போயிற்று. கலியனுக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. அதையும் அவன் விவரமாகவே சொன்னான், முத்தம்மாளும் கேட்டவர்களுக்கெல்லாம் விவரமாகவே சொன்னாள்.

இப்போது வலை போடும் இடம் பற்றி யாராவது கேட்க வந்தால், அவளைத் தாண்டிப் போய்க் கலியனுக்கு எதிரே உட்காருகிறார்கள். பூவராகவன் பத்துப் பதினைந்து சைகை கற்றுக்கொண்டுவிட்டான். அதில் நாலு தப்பு. முத்தம்மாள் திருத்துவதில்லை. இருவரும் கையை ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே, கூடையைத் தூக்கிக்கொண்டு மீஞ்சூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறாள்.