ஒரு தடவைதான் கேட்டாள்

எக்ஸ்ரே அக்கா ரிட்டையரான மறு மாதமே மொழி படிக்க வெளிநாடு கிளம்பினாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆஸ்பத்திரியில் ஒருவர்கூட நம்பவில்லை. முப்பத்து நாலு வருஷம் இருட்டறையில் நின்றுகொண்டு "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" என்பதைத் தவிர வேறெதுவும் அதிகம் பேசாத மனுஷி. அவள் இன்னொரு பாஷையில் வாயைத் திறக்கப் போகிறாளாம். "மூளை துருப்பிடிச்சிடக் கூடாது பாருங்க, அதான்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்தாள். பச்சைப் பொய்.

அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. இருபது வருஷமாகத் தம்பி வீட்டு மாடியில் ஒற்றை அறை. தம்பி தங்கமானவன், தம்பி பெண்டாட்டியையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தம்பி மகனுக்குப் பெண் நிச்சயமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஆளாளுக்கு மாடியை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் தம்பி பெண்டாட்டி இஞ்ச் டேப்போடு ஏறி வந்தாள். "ஒண்ணுமில்ல அண்ணி, சும்மா அளந்து பாக்குறேன்" என்றாள். யாராவது சும்மா சுவரை அளப்பார்களா? எக்ஸ்ரே அக்காவே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மொட்டை ஃபோன் பண்ணினாள். நர்ஸ் படிப்புக்கு ஹாஸ்டலில் சேர்ந்த முதல் மாதமே டைபாய்டு வந்து தலைமுடி கொட்டிப்போனதால் வந்த பெயர் அது. முடி மறுபடி இடுப்புவரை வளர்ந்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எக்ஸ்ரே படிக்கப் போன இவளுக்கும் அவளுக்கும் ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே பக்கெட். மொட்டை நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போய் இருபத்தேழு வருஷம் ஆகிறது. புருஷன் தவறி இரண்டு வருஷம். ஒரே மகள் வேறு ஊரில். "மூணு ரூம் சும்மா கிடக்குடி, பேசாம இங்க வந்துடேன்" என்றாள். "பாக்கலாம்டி" என்று சொல்லிவிட்டு, ஃபோனை வைத்த கையோடு எக்ஸ்ரே அக்கா அந்த ஊரில் மொழிப் பள்ளிக்கூடம் எங்கே என்று தேட ஆரம்பித்தாள். இருக்கப் போகிற ஊரில் பஸ்ஸுக்கும் டாக்டருக்கும் மொட்டையின் கையையே பிடித்துக்கொண்டு திரிய முடியுமா? படிப்பை ஒரு வருஷத்துக்கு நீட்டினால் அங்கே தங்கும் அனுமதியும் நீளும் என்பதுவரை விசாரித்து வைத்துக்கொண்டாள்.

சரி, இதை மொட்டையிடம் சொன்னாளா? சொல்லியிருந்தால் நான் ஏன் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

"ஆறு வாரம் படிக்க வரேன்டி. அப்படியே உன்னையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு."

"எங்க வீட்லயே தங்கேன்."

"வேணாம்டி, ஸ்கூலுக்குத் தூரம்."

இன்னொரு தரம் கூப்பிடுவாள் என்று இவள் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "சரி, உன் சௌகரியம்" என்று மொட்டை வைத்துவிட்டாள்.

நம் ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். மூன்றாம் தடவை, "இவ்வளவு சொல்றீங்க, சரி" என்று ஏதோ அவர்களுக்காக மனமிரங்கியதுபோல உட்கார வேண்டும். முதல் தடவையே தலையாட்டுகிறவள் அலைகிறவள் என்று பெயர் வாங்குவாள். எக்ஸ்ரே அக்கா அப்படிப் பெயர் வாங்காமல் ஐம்பத்தெட்டு வருஷத்தை ஓட்டியவள்.

வாடகைக்குப் பிடித்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு கெட்டில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய். காலையில் மூன்று மணி நேரம் வகுப்பு. அப்புறம் நாள் முழுக்கப் பேச ஆள் கிடையாது. கடையில் பில் போடுகிற பெண் "பை வேண்டுமா?" என்று கேட்பாள். அதைக் கேட்பதற்காகவே தினமும் கடைக்குப் போய் ஒற்றை வாழைப்பழம் வாங்கி வந்தாள். சாயங்காலம் ஆனால் நாலு சுவரும் நெருங்கி வருவதுபோல இருக்கும். கெட்டிலைப் பார்த்து "என்னடி, கொதிச்சியா?" என்று கேட்டுவிட்டுத் தானே வெட்கப்பட்டுக்கொண்டாள். பாவம், வேறு யாரைக் கேட்பாள்?

மொட்டை இன்னும் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்ததால் ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. முதல் ஞாயிறு போனபோது இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், சிரித்தார்கள், ஹாஸ்டல் வார்டன் நடையை நடந்து காட்டினார்கள். "காபி குடிக்கிறியா?" என்றாள் மொட்டை. "இப்பதான்டி குடிச்சேன்." மொட்டை ஒரே ஒரு டம்ளர் போட்டு எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்து குடித்தாள். அந்த வாசனைக்கு எக்ஸ்ரே அக்காவின் வயிறு சத்தம் போட்டது. இருமி மறைத்துக்கொண்டாள்.

இரண்டாம் ஞாயிறுதான் அது நடந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். போர்வையின் இரண்டு முனையை மொட்டையும் இரண்டு முனையை இவளும் பிடித்திருந்தார்கள். மடித்துக்கொண்டே கிட்டே வந்தபோது மொட்டை முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீ இங்கயே இருந்துடேன்டி. ஃபோன்லயே சொன்னேன்ல."

இதற்குத்தானே எக்ஸ்ரே அக்கா கடல் தாண்டி வந்தாள்! ஆனால் பாழாய்ப்போன வாய் இருக்கிறதே, அது தன் பாட்டுக்குப் பேசியது.

"அய்யய்யோ, உனக்கு எதுக்குடி சிரமம்? எனக்கு அங்க ஆயிரம் வேல கிடக்கு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். ஆயிரம் வேலை என்னடி உனக்கு, பெரிய கலெக்டர், என்று மொட்டை திட்டுவாள், இன்னொரு தடவை கேட்பாள், மூன்றாவது தடவை கேட்டதும் சரி என்று சொல்லிவிடலாம். மொட்டை ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "ம்... சரி" என்று போர்வையை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

அந்த வாரம் எக்ஸ்ரே அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தேழு வருஷத்தில் மொட்டை இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாள், சும்மா மரியாதைக்குக் கேட்டிருக்கிறாள் என்று நினைத்தாள். பிறகு, இல்லை, கண்ணைப் பார்க்காமல் கேட்டாளே, அது மரியாதைக்குக் கேட்டதில்லை என்று நினைத்தாள். இப்படியே மாறி மாறி.

வியாழக்கிழமை வகுப்பில் பேசிப் பழக ஒரு விருந்தாளி நாடகம். எக்ஸ்ரே அக்கா விருந்தாளி, வேறெங்கிருந்தோ வந்து படிக்கும் லாரி டிரைவர் வீட்டுக்காரர். அவர் பிஸ்கட் தட்டை நீட்டினார். அவள் அழகாக, இலக்கணம் பிசகாமல், வேண்டாம் நன்றி என்றாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டீச்சர் கைதட்டி இருவருக்கும் பத்துக்குப் பத்து போட்டாள். எக்ஸ்ரே அக்கா காலி மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பசி வேறு.

போதும் இந்த நாடகம் என்று அப்போதே முடிவு பண்ணினாள். பள்ளி ஆபீசில் படிப்பை நீட்டிக்கும் படிவத்தை வாங்கினாள். மூன்றாம் ஞாயிறு மொட்டை கதவைத் திறந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், மானம் ரோஷம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மொட்டை, நான் இங்கயே இருந்துடுறேன்டி. உன்கூட. படிக்க வந்தேன்னு சொன்னதெல்லாம் சும்மா. உனக்காகத்தான் வந்தேன்."

மொட்டை கதவைப் பிடித்தபடியே நின்றாள். அவளுக்குப் பின்னால் ஹாலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அலமாரி காலியாக இருந்தது.

"நீ வேணாம்னியேடி" என்றாள் மொட்டை. "போன திங்கக்கிழமயே வீட்டு ஓனர்கிட்ட காலி பண்றேன்னு எழுதிக் குடுத்துட்டேன். வேலையையும் விட்டுட்டேன். மக ஒரு வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. நீ வருவேன்னுதான் நான் போகாம இருந்தேன்."

"இன்னொரு தடவ கேட்டிருந்தா உன் வாய் தேஞ்சா போயிருக்கும்?" எக்ஸ்ரே அக்கா கத்தியேவிட்டாள். "இங்க வந்து நம்ம பழக்கமெல்லாம் மறந்து போச்சா உனக்கு?"

"ஒண்ணும் மறக்கல. காபி, சாப்பாடெல்லாம் ஒரு தடவயோட விட்டு இங்க பழகிப்போச்சு, ஒத்துக்கிறேன். ஆனா இது அப்படி இல்லடி." மொட்டை பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். "அந்த மனுஷன் போனப்புறம் நான் வாய்விட்டு ஒருத்தர்கிட்ட கேட்டது இந்த ஒண்ணுதான். நீ வேணாம்னுட்ட. ரெண்டாவது தடவயும் நீ வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்னப் பாப்பேன்? அதான் கேக்கல."

எக்ஸ்ரே அக்காவும் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

மறுநாள் இருவரும் வீட்டுக்காரரிடம் போனார்கள். நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். புதுக் குடும்பம் கையெழுத்துப் போட்டுவிட்டது, பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள், மன்னிக்கணும் என்றார். மொட்டை மொழிபெயர்க்கத் திரும்பியபோது, "முகத்தப் பாத்தே புரிஞ்சுதுடி" என்றாள் எக்ஸ்ரே அக்கா. மகள் வீட்டில் மொட்டைக்கே ஹால் சோபாதான். அங்கே இன்னொருத்தி எங்கே போய்ப் படுப்பாள்? அதை அவளும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை.

ஐந்தாம் வாரச் சனிக்கிழமை மொட்டைக்கு ரயில். விருந்தாளி ஊரில் இருக்க, வீட்டுக்காரி கிளம்பிப் போகிற கூத்தை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? எக்ஸ்ரே அக்கா பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டாள். "ஃபோன் பண்ணுடி" என்றாள் மொட்டை. "நீ பண்ணு" என்றாள் இவள். கதவு தானாக மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு உள்ளே மொட்டை அழுதுகொண்டே எதையோ சொன்னாள், கேட்கவில்லை.

ரயில் போன பிறகும் எக்ஸ்ரே அக்கா நடைமேடையிலேயே நின்றாள். பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் அவளைப் பார்த்தார். "யாருக்காகவாவது காத்திருக்கிறீர்களா அம்மா?" என்று அந்த ஊர் பாஷையில் கேட்டார். இதுவரை யார் என்ன சொன்னாலும் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டவளுக்கு, இது முதல் தடவையே ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"இல்லை. இந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை" என்றாள். ஒரு பிழை இல்லை.

"அட, இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே" என்றார் பெரியவர். "நான் உங்களை இங்கேயே இருப்பவர் என்றல்லவா நினைத்தேன்!"

எக்ஸ்ரே அக்கா அவர் துடைத்த ஈரம் காயாத அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று, வாய்விட்டு அழுதாள்.