சத்து மாத்திரை

...கொடுத்தேனா, கொடுக்கவில்லையா? அது மட்டும் தெரிந்துவிட்டால் போதும், தமிழ்ச்செல்விக்கு இந்த வெயிலும் உறைக்காது, இந்த வரிசையும் உறைக்காது, நாலரைக்கு எழுந்தது நினைவிருக்கிறது, புளிச்சோறு கிளறி டப்பாவில் அடைத்தது, ஸ்வேதாவுக்கு இரட்டைச் சடை பின்னியது, ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கிறதென்று அவிழ்த்து மறுபடி பின்னியது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, அலமாரி மேல்தட்டிலிருந்து மாத்திரை புட்டியை எடுத்ததும் தெரிகிறது, மூடியைத் திருகியதுகூட... ஆனால் அது இன்றைக்குத் திருகியதா, நேற்றா? தினமும் திருகுகிற மூடிக்குத் தேதி ஏது. அதற்குள் புருஷன் மோகன் வாசலில் நின்றுகொண்டு வேன் வந்துட்ச்சி, வேன் வந்துட்ச்சி என்று தெருவையே எழுப்பிவிட்டார், இன்றைக்கு அறுப்பு மெஷின் அவர்கள் வயலுக்கு வருகிற முறை, அவரால் வரமுடியாது, வராத மனிதருக்குத்தான் எத்தனை அவசரம், பையைத் தூக்கிக்கொண்டு ஓடியதுதான் கடைசியாகத் தெரிகிறது. புட்டி பையில் இருக்கிறதா, அலமாரியில் இருக்கிறதா? பை இந்தப் பொழுதுபோக்குப் பூங்காவின் கேட்டருகே லாக்கரில் கிடக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம், பிள்ளையையும் கையோடு இழுத்துக்கொண்டு போகலாம், போனால் வரிசை போய்விடும், போனால் நல்லதுதானே, போகவேண்டியதுதானே? கால் நகரவில்லை. எங்கே போகிறாய் என்று செவ்வந்தி கேட்பாள்.

செவ்வந்தி கேட்காமல் விட்ட கேள்வி உலகத்தில் இல்லை. ஒரகடத்துக் கம்பெனியில் இருவருக்கும் ஒரே லைன், பக்கத்துப் பக்கத்து நாற்காலி, லென்சுக்குக் கீழே செல்போன் போர்டைப் பார்த்துப் பார்த்து இருவருக்கும் ஒரே மாதத்தில் மூக்குக் கண்ணாடி வந்தது, வேன் பெருநகரில் தமிழ்ச்செல்வியை ஏற்றிக்கொண்டு உத்திரமேரூர் தாண்டி பழையசீவரத்தில் செவ்வந்தியை ஏற்றும், அவள் ஏறினால் வேனில் மற்றவர்கள் தூங்கமுடியாது. இன்றைக்குக் கம்பெனியின் குடும்ப தினம், எல்லார் மணிக்கட்டிலும் பச்சைப் பட்டை, செவ்வந்தி தன் மகன் விஜயைக் கூட்டி வந்திருக்கிறாள், ஏழாவது படிக்கிறான், ஏறியதும் ஏறாததுமாக ஸ்வேதாவைப் பார்த்து, "யம்மா மருமவளே, அத்த பக்கத்துல வந்து குந்து, உங்க அம்மாள தெனமும் பாத்து பேஜாரா கீது" என்றாள். விளையாட்டுதான், பதினொரு வயதுப் பிள்ளைக்கு மாமியாராவது மருமகளாவது, ஆனாலும் அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் தமிழ்ச்செல்விக்கு நெஞ்சு குளிர்ந்துதான் போகிறது, இவளையும் ஒருத்தி மருமகள் என்கிறாளே... விஷயம் தெரிந்தால் அப்புறமும் மருமகள் என்பாளா? சண்டை போட்டு நிறுத்துகிறவளாக இருந்தால் எதிர்த்து நாலு வார்த்தை கேட்கலாம், செவ்வந்தி அப்படியில்லை, சிரித்துக்கொண்டே ஒருநாள் நிறுத்திவிடுவாள், ஸ்வேதா என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள், அதற்கு என்ன சொல்லிச் சண்டை போடுவது? அப்புறம் வேன் நிற்கிற இடமெல்லாம் செய்தியும் இறங்கும், பெருநகரில் இறங்கும், மானாம்பதியில் இறங்கும், பத்து வருடம் கழித்து ஸ்வேதாவை யாரோ பெண் பார்க்க வரும்போது அந்தச் செய்தி அவர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும்.

வரிசை இரண்டடி நகர்ந்தது. மேலே ராட்டினம் தன் நீளக் கையில் இருபது பேரைக் கட்டித் தூக்கி, தலைகீழாக ஒரு கணம் நிறுத்தி, கீழே வீசுகிறது, பட்டப்பகலிலும் அதன் முதுகெல்லாம் சிவப்பும் நீலமுமாய் பல்புகள் வெட்டி வெட்டி எரிகின்றன, யார் பார்ப்பதற்கு எரிகின்றன? மின்னுகிற விளக்கு சில பிள்ளைகளுக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொன்னாள், எல்லாருக்கும் இல்லை, சில பேருக்கு, ஸ்வேதா அந்தச் சில பேரில் ஒருத்தியா இல்லையா என்று சொல்லவில்லை, மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, உயரத்தில் ஏற்றாதே, தண்ணீரில் தனியாக விடாதே... நேற்று ராத்திரி பிள்ளை எங்கே தூங்கினாள், அம்மா மணி இன்னா, அம்மா மணி இன்னா என்று நாலு தரம் எழுப்பினாள். தூக்கமும் இல்லை, மாத்திரையும் சந்தேகம், உயரம் அதோ தெரிகிறது, விளக்கு அதோ எரிகிறது. குட்டி ரயிலோடும் பெடல் படகோடும் திருப்பி அழைத்துப் போய்விடலாம் என்றுதான் நினைத்து வந்தாள், விஜய் இதைக் காட்டினான், ஸ்வேதா ஓடினாள், செவ்வந்தி பின்னால் ஓடினாள், இவள் எல்லாருக்கும் கடைசியாக வந்து நின்றுகொண்டிருக்கிறாள்.

முதல் தடவை அது வந்தபோது ஸ்வேதாவுக்கு ஏழு வயது, மோட்டார் கொட்டகைத் தொட்டியோரம் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தவள் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனாள், கண் மேலே போய், உடம்பு வில்லாய் விறைத்து, அப்புறம் உதறல்... மோகன் ஓடிவந்து கொட்டகைச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்து விரல்களை மூடி அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதார், அந்த மனிதர் அழுது தமிழ்ச்செல்வி பார்த்தது அன்றைக்குத்தான். சாவியும் வேண்டாம், இரும்பும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவைத்து மணியைப் பாருங்கள் என்று டாக்டரம்மா பிறகு சொல்லிக்கொடுத்தாள், நல்ல நோய்தான் அம்மா, மருந்துக்குக் கட்டுப்படுகிற நோய், மூன்று வருடம் வராமலிருந்தால் மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னாள். இப்போது இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிவிட்டது. ஊரில் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், காக்காயைச் சேர்த்து, அந்தப் பெயர் இவர்கள் வீட்டுக்குள் வந்ததில்லை, வீட்டில் அது வெறும் 'அது'. பிள்ளைக்குத் தெரியவேண்டாம் என்று முடிவு செய்தது யார்? மோகன்மேல் போட ஆசைதான், ஆனால் இவள்தான், உனக்கு உடம்பில் சத்து இல்லை, அதனால் மயங்கி விழுந்தாய் என்று சொல்லிவைத்தவள் இவள்தான், ஞாயிற்றுக்கிழமை தோறும் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காலியான சத்து மாத்திரை புட்டியில் நிரப்பி வைப்பதும் இவள்தான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஸ்வேதா இரண்டு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய்க் கூடப்படிக்கிற கீதாவுக்கு ஒன்று கொடுத்திருக்கிறாள், அவளும் தெம்பாக ஓடட்டுமே என்று, நல்லவேளை கசக்கிறதென்று அந்தப் பெண் துப்பிவிட்டாள், அன்றைக்கு ஸ்வேதாவைக் கன்னத்தில் அறைந்தாள் தமிழ்ச்செல்வி, "சத்து மாத்திரதானம்மா, அதுக்கு ஏம்மா அடிக்கிற?" என்று பிள்ளை கேட்டது, அழாமல் கேட்டது, பதிலுக்கு இவள்தான் அழுதாள்.

பலகை வந்துவிட்டது. வரிசை திரும்புகிற முனையில், மஞ்சள் பலகையில் பெரிய கறுப்பு எழுத்து, ஐயோ, ஸ்வேதா எழுத்தைக் கண்டால் விடமாட்டாளே, காலையில் வேனில் மைல்கல், டீக்கடை, உரக்கடை, கல்யாண பேனர் ஒன்று விடாமல் படித்துக்கொண்டு வந்தவள், இதோ விஜய்க்குக் கேட்கும்படி ஆரம்பித்துவிட்டாள், "நாலரை அடிக்குக் குறைவானவர்கள், கர்ப்பிணிப் பெண்கள், இதய நோய், ரத்த அழுத்தம்..." அடுத்த வார்த்தை அங்கே நிற்கிறது, தமிழ்ச்செல்விக்கு இங்கிருந்தே தெரிகிறது, ஆறு எழுத்தும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, செவ்வந்தி காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஸ்வேதா மூச்சு வாங்கினாள், அப்புறம், "அம்மா, தாகமா கீது" என்றாள். அப்பாடா, கடவுள் இருக்கிறார், தண்ணீர் பாட்டிலை நீட்டும்போது மூடி கீழே விழுந்து உருண்டது, அதைப் பொறுக்கிற சாக்கில் குனிந்து மெதுவாகக் கேட்டாள், "காலைல சத்து மாத்திர போட்டியாடி?" "போட்டேம்மா." முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், போட்டதால் போட்டேன் என்கிறாளா, ராட்டினம் ஏறவேண்டுமென்று சொல்கிறாளா? இன்னொரு தரம் கேட்டால் செவ்வந்தி, இன்னாடி அப்படி மாத்திர என்பாள்.

சக்கர நாற்காலியில் ஒரு பையனைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வழியாக ஒரு குடும்பம் போனது, கேட்டைத் திறந்துவிட்டார்கள், எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை, அந்தத் தாய் எதையும் வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கவில்லை, நாற்காலியே சொல்லிவிட்டது... சீ, இதற்குமா பொறாமைப்படுவது, அந்தத் தாயைக் கேட்டால் தெரியும், என்ன பிறவி நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள், திட்டிக்கொண்டும் கண் அந்த நாற்காலியின் பின்னாலேயே போனது. ஸ்வேதாவைப் பார்த்தால் யாருக்குத் தெரியும்? குதித்துக்கொண்டிருக்கிறாள், கன்னம் மினுமினுக்கிறது, வரிசையில் இருக்கிற அத்தனை பிள்ளைகளிலும் இவள்தான் ஆரோக்கியம். வயிற்றுவலி என்று சொல்லிவிடலாம், எனக்குத்தான், பிள்ளைக்கில்லை, எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது, ஸ்வேதா நீ வா என்று கூட்டிக்கொண்டு வெளியே போய்விடலாம், "நீ போ தமிழு, மருமவள நான் பாத்துக்கறேன்" என்பாள் செவ்வந்தி, நிச்சயம் சொல்வாள், அவள் நல்லவள், அதுதான் தொல்லை. இப்போது முன்னால் எட்டுப் பேர்தான். சொல்லிவிடு. ஆறு பேர். காதோடு சொல்லிவிடு, செவ்வந்தி இப்படி ஒரு விஷயம், யாரிடமும் சொல்லாதே... யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால் சொல்லாமல் இருக்க அவளால் முடியுமா?

மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட பெண் சங்கிலியைக் கழற்றினாள். நாள் முழுக்கச் சொல்லித் தேய்ந்த குரலில், "யாருக்காவது ஹார்ட் ப்ராப்ளம், ஃபிட்ஸ், ஆபரேஷன் பண்ணது, ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றாள். ஸ்வேதா திரும்பித் தாயைப் பார்த்தாள். ஏறட்டுமா என்று கேட்கிறாள் பிள்ளை, தமிழ்ச்செல்வி வாயைத் திறந்தாள், வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது, வந்துவிட்டது... "அதெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா, எங்க புள்ளைங்க கல்லத் தின்னாலும் கரைக்குங்க" என்று செவ்வந்தி முதுகுக்குப் பின்னாலிருந்து சிரித்தாள், அந்தப் பெண்ணும் சிரித்தாள், இவளும்... இவளும் சிரித்தாளே, அதை யாரிடம் போய்ச் சொல்வது. ஸ்வேதா இன்னும் ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஏறிவிட்டாள், விஜய் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், இரும்புக் கம்பி மார்பின்மேல் இறங்கிப் பூட்டிக்கொண்டது.

கம்பிக்குள் அது வந்தால் ஒருக்களித்து எப்படிப் படுக்கவைப்பது? தலைகீழாக இருக்கும்போது வந்தால்? கத்தினால் நிறுத்துவார்களா, எல்லாரும்தான் கத்துகிறார்களே, எந்தக் கத்தல் எந்தக் கத்தலென்று யாருக்குத் தெரியும்? ராட்டினத்தின் கை மேலே போனது, பல்பு வெட்டியது, தமிழ்ச்செல்வி ஸ்வேதாவின் நீல நிறச் சட்டையைத் தேடினாள், இருபது பேரும் ஒரே வண்ணமாகச் சுழன்றார்கள், கிடைத்தது, போனது, மறுபடி கிடைத்தது, தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, வாய் திறந்திருக்கிறது, கத்துவதற்குத் திறந்திருக்கிறதா? பெருமாளே, இந்த ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும், இறங்கி வந்தால் நான் சொல்லிவிடுகிறேன், செவ்வந்தியிடம், கம்பெனி முழுக்க, மைக் வைத்துச் சொல்கிறேன்... "இன்னா தமிழு, உன் மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு, பாக்கறதுக்கே பயமா உனக்கு?" செவ்வந்தி தோளில் தட்டினாள், தமிழ்ச்செல்வி ஆமாம் என்று தலையாட்டினாள். இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ. பிறகு ராட்டினம் பெருமூச்சு விட்டு இறங்கி நின்றது.

ஒன்றும் ஆகவில்லை. சடை இரண்டும் கலைந்து, கண்ணில் நீர் கோத்து, சிரித்தபடி படியிறங்கி வந்தாள் ஸ்வேதா, விஜய்தான் முகம் பச்சையாகித் தடுமாறி வந்தான், செவ்வந்தி அவனைக் கேலி செய்துகொண்டே அடுத்த ராட்டினத்துக்கு இழுத்துப் போனாள், "சீக்கிரம் வாங்க, அங்க கூட்டம் சேர்றதுக்குள்ள." தமிழ்ச்செல்வி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள், கழுத்தில் வியர்வை, நெஞ்சு குருவி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது, யாருடைய நெஞ்சு என்று தெரியவில்லை. பெருமாளிடம் நேர்ந்துகொண்டது எங்கே போயிற்று? அது அப்போதே இறங்கிப் போய்விட்டது, இப்போது நினைத்தால் அந்த மைக்கும் சத்தியமும் யாரோ செய்தது போலிருந்தது. "பயந்துட்டியாம்மா?" என்றாள் ஸ்வேதா. "இல்லடி." "அந்த அக்கா கேட்டாங்கல்ல..." என்றவள் நிறுத்தி, செவ்வந்தி அத்தை தூரமாகப் போய்விட்டாளா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "நீ சொல்லுவன்னு உன்னியே பாத்துக்கினு இருந்தேன். நீ சொல்லல. அதான் நானும் சொல்லல."

இன்னாத்த என்று கேட்கத்தான் நினைத்தாள் தமிழ்ச்செல்வி, கேட்கவில்லை, கேட்டால் பிள்ளை பதில் சொல்லிவிடுவாள் என்று தெரிந்தது, எப்போதிலிருந்து தெரியும், யார் சொன்னது, எத்தனை நாளாகச் சத்து மாத்திரை என்று தாய்க்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்... ஸ்வேதா அதற்குள் கையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். தமிழ்ச்செல்வி பின்னால் போய் நின்றுகொண்டாள். இந்த வரிசையின் முடிவிலும் ஒரு மஞ்சள் டீ-ஷர்ட் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. முன்னால் இருபது பேர் இருந்தார்கள், பிறகு பதினைந்து, பிறகு பத்து. ஸ்வேதா விஜயுடன் பேசிக்கொண்டே நகர்ந்தாள், சங்கிலியருகே வந்தபிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தாள், இந்த முறை தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை.