பிரிட்டாவை என்ன செய்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை மாலை பிரிட்டாவை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தபோது அவள் நன்றாகத்தான் இருந்தாள். இதை நான் பிறகு பலரிடம் சொன்னேன். கேட்டவர்கள் யாரும் தலையாட்டவில்லை.

பிரிட்டா என் கணவன் ரஸ்ஸின் முதல் தாரத்து மகள். ஏழு வயது. வாரநாட்களில் அம்மா டாராவிடமும், வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு மாலைவரை டுலூத் நகரில் எங்களிடமும் இருப்பாள். வாய் ஓயாத பிள்ளை. அந்த ஞாயிறுகூட, உறைந்த ஏரியில் மீன் பிடிக்க அப்பாவோடு பனியில் துளை போட்டு உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு வந்தவள், "மீனெல்லாம் லீவு போட்டுட்டு ஃப்ளோரிடா போயிடுச்சு, மார்னா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை டாரா போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே, "என் பிள்ளையை என்ன செஞ்சீங்க?" என்றாள்.

"என்ன ஆச்சு, டாரா?"

"தெரியாத மாதிரி கேக்காத. கை தோலு உரியிற அளவுக்குக் கழுவிக்கிட்டே இருக்கா. சாப்பாட்டைத் தொடமாட்டேங்கறா. கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, 'நான் கெட்ட பொண்ணாம்மா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. பாத்ரூமுக்குக்கூட தனியா போகமாட்டேங்கறா. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போன பிறகுதான் இப்படி."

குளிப்பாட்டும்போது அவள் உட்காருமிடம் சிவந்து கன்றியிருந்ததையும் டாரா பார்த்திருக்கிறாள். அதை எங்களிடம் சொல்லவில்லை. பள்ளியில் சொன்னாள். பள்ளி குழந்தைகள் நல அலுவலகத்துக்குச் சொன்னது. வியாழக்கிழமை லொரெட்டா என்ற அதிகாரி பனி பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். விசாரணை முடியும்வரை ரஸ் மகளைத் தனியாகப் பார்க்கக் கூடாது என்றாள். பிறகு என்னைத் தனியே அழைத்துப் பேசினாள்.

"பிரிட்டாவைக் குளிப்பாட்டறது யாரு?"

"அவளே குளிச்சுக்குவா."

"உங்களுக்குக் கோபம் வந்தா என்ன செய்வீங்க, மார்னா? வேற ஒருத்தியோட பிள்ளை. சில நேரம் எரிச்சல் வர்றது சகஜம்தானே?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அவள் போனதும் ரஸ் நாற்காலியை உதைத்துத் தள்ளினான். அவன் நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன், லேசில் கோபப்படமாட்டான். "எல்லாம் டாரா வேலை. அரிசோனாவுல வேலை கிடைச்சிருக்கில்ல, பிள்ளையோட போகணும்னு கோர்ட்டுக்குக் கதை கட்டறா. சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்து நடிக்க வைக்கறா" என்றான்.

ஒருநாள் முழுக்க அதை நம்பினேன். மறுநாள் நான் வேலை செய்யும் பேக்கரியில் மாவு பிசையும்போது, போன சனிக்கிழமை மதியம்வரை நான் இங்கேதான் இருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. அதுவரை வீட்டில் அவர்கள் இருவர் மட்டும். வீட்டுக்கு வந்தபோது துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ரஸ் தானாகத் துணி துவைத்து நான் பார்த்ததே இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "சனிக்கிழமை என்ன துவைச்ச?"

"அவ படுக்கை விரிப்பை."

"ஏன்?"

முள்கரண்டியைக் கீழே வைத்தான். "படுக்கையை நனைச்சுட்டா. மார்னாகிட்ட சொல்லாதப்பான்னு அழுதா. ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

அவன் என்னையே பார்த்தான். நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் லொரெட்டாவின் அலுவலகத்தில் பிரிட்டாவைப் பார்க்க விட்டார்கள். பிள்ளை பாதியாக இளைத்திருந்தாள். ரஸ் கையை நீட்டியதும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "தொடாத! உன் கையில என்னமோ இருக்கு!" நான் அவளுக்குப் பிடித்த ஏலக்காய் ரொட்டி கொண்டுபோயிருந்தேன். அதை முகர்ந்துபார்த்துவிட்டு, "இதுல என்ன போட்ட? நீ முதல்ல தின்னு" என்றாள். பிய்த்துத் தின்றேன். நான் கீழே விழுகிறேனா என்று கண் சிமிட்டியபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். லொரெட்டா எங்கள் மூவரையும் பார்த்தாள். இந்தப் பிள்ளையை யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் என்று அந்தக் கணம் நானும் நினைத்தேன்.

யாராவது காயப்படுத்தியிருப்பார்களோ என்ற சந்தேகம் உள்ள குழந்தைகளைப் பரிசோதிப்பதற்கென்றே இருக்கும் டாக்டர் விங்கேட்டிடம் பிரிட்டாவை அனுப்பினார்கள். முடிவு வந்ததும் லொரெட்டா எங்களையும் டாராவையும் ஒரே அறையில் உட்காரவைத்தாள். டாரா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"யாரும் அவளைக் காயப்படுத்தினதுக்கு எந்த அடையாளமும் இல்ல" என்றார் டாக்டர். "அவளும் அப்படி எதுவும் சொல்லல. அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே எனக்கு வேற சந்தேகம் வந்துச்சு. அங்கயும் தொண்டையிலயும் பஞ்சால தொட்டு எடுத்து சோதிச்சோம். ரெண்டுலயும் தொண்டைப் புண் உண்டாக்குற ஸ்ட்ரெப் கிருமி இருக்கு."

"தொண்டை வலின்னு அவ சொல்லவே இல்லையே" என்றாள் டாரா.

"சில பிள்ளைகளுக்கு வலிக்காது. அவ வகுப்புல யாருக்காவது?"

"பாதிப் பேருக்கு." டாராவின் குரல் இறங்கியது. உடனே மறுபடி ஏறியது. "தொண்டைக் கிருமிக்கும் பைத்தியம் மாதிரி கை கழுவறதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க யாரைக் காப்பாத்தப் பாக்கறீங்க?"

டாக்டர் கோபப்படவில்லை. "கிருமியை அடிக்கக் கிளம்புற உடம்பு, ஆள் தெரியாம மூளையோட ஒரு பகுதியையும் அடிச்சுடுது. அதனாலதான் பயம், சிமிட்டல், சாப்பாட்டுல சந்தேகம் எல்லாம் ராத்திரியோட ராத்திரியா வருதுன்னு நாங்க நினைக்கறோம். எல்லா டாக்டரும் இதை ஒத்துக்கறதில்ல, அதையும் சொல்லிடறேன். ஆனா கிருமி இருக்கறது நிச்சயம். மருந்து குடுப்போம். இந்த மாற்றத்துக்கு முன்னாடி ஏதாவது வித்தியாசமா கவனிச்சீங்களா? அடிக்கடி ஒண்ணுக்குப் போறது மாதிரி?"

ரஸ் மெல்ல, "சனிக்கிழமை படுக்கையை நனைச்சா" என்றான்.

டாரா முதன்முறையாகத் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை காலையில எங்க வீட்லயும்" என்றாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மருந்து ஆரம்பித்த வாரத்திலேயே சிவப்பு மறைந்தது. சாப்பாடு மெதுவாகத்தான் திரும்பியது. முதலில் தோலோடு இருக்கும் வாழைப்பழம் மட்டும், பிறகு சூப். கை கழுவுவதை நிறுத்தப் பழக்க ஒரு மனநல ஆலோசகரிடம் வசந்தம்வரை போனாள். சிமிட்டல் முழுதாகப் போகவில்லை. லொரெட்டா வழக்கை மூடினாள். டாரா அரிசோனா போகவில்லை.

வழக்கு மூடிய அன்று வீட்டுக்கு வரும் வழியில், வண்டி ஓட்டிக்கொண்டே ரஸ் கேட்டான். "நீயும் என்னைச் சந்தேகப்பட்டியா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆமா."

சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினான். "நானும் உன்னை. தனியா இருக்கறப்ப நீ அவளை அடிச்சு மிரட்டியிருப்பியோன்னு. மார்னாகிட்ட சொல்லாதன்னு அழுதாளே... அதை லொரெட்டாகிட்ட சொன்னேன்."

"எப்போ?"

"அவ முதல் தடவை போன் பண்ணப்பவே. வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் மன்னிப்புக் கேட்டான். நானும் கேட்டேன். இருவரும் மனதாரத்தான் கேட்டோம்.

பிரிட்டா மறுபடி எங்களிடம் வந்த முதல் சனிக்கிழமை, பேக்கரியில் லீவு சொல்லிவிட்டேன். "நீ ஏன் லீவு போட்ட? நான்தான் வீட்ல இருக்கேனே" என்றான் ரஸ். "சும்மாதான்" என்றேன். மதியம் நான் அவளைக் கடைக்கு அழைத்துப் போகக் கிளம்பியபோது அவனும் கோட்டை எடுத்து மாட்டினான்.

பிரிட்டா எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க போனாலும் ரெண்டு பேரும் ஏன் ஒண்ணாவே வர்றீங்க?" என்றாள்.

"உன்மேல அவ்வளவு ஆசை" என்று ரஸ் சொன்னான். நான் குனிந்து அவள் காலணிக் கயிற்றைக் கட்டிவிட்டேன்.