கரண்ட் என்று எழுதிய குமிழ்

அறையில் இருந்தவர்கள்: முதலாளி ஜெயினுலாப்தீன். மாட்டுங்காவிலிருந்து வாரம் ஒருமுறை வரும் எஞ்சினியர் அனந்தநாராயணன். சாலிடர் வைக்கும் சைனப். நான், தளவாய். நடுவில் மேஜைமேல், போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டி.

அது 1967. செம்பூரில் ஒரு தகரக் கொட்டகை. முதலாளிக்குத் தாராவியில் நிக்கல் முலாம் பூசும் பிளேட்டிங் பட்டறை இருந்தது. அங்கே ராத்திரி ஷிப்டில் நான் நிக்கல் தொட்டி பார்த்தேன். செம்பூரில் ஆபீஸ் இன்டர்காம் செய்ய ஆரம்பித்திருந்தார். டெஸ்டர் வேண்டும், பகல் வேலை. முதல் இன்டர்காம் போர்டை ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் அந்த நாற்காலி எனக்கு. இல்லையென்றால் தொட்டிக்கே திரும்ப வேண்டும்.

"இது தெரியுமோல்லியோ?" என்றார் அனந்தநாராயணன்.

"தெரியும் சார். டெய்லி தொட்டிக்குக் கரண்ட் குடுக்க ரெக்டிஃபையர்லதான நிக்கேன்."

"அது எருமைடா, சொன்னபடி நிக்கும். இது அப்படியில்லே."

சைனப் சிரித்தாள். "அண்ணன் எருமைய நல்லா மேய்ப்பாவ சார்."

முகப்பில் வோல்ட் காட்டும் ஒரு முள் மீட்டர். அதன்கீழ் மூன்று குமிழ்கள். வோல்ட்டுக்கு இரண்டு, ஒன்று முள்ளைத் தாவவைக்க, மற்றது மயிரிழையாக நகர்த்த. மூன்றாவதில் கரண்ட் என்று போட்டிருந்தது. அடியில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று முனைகள். இரண்டு கம்பிக்கு எதற்கு மூன்று? கேட்கவில்லை. தெரியும் என்று சொல்லியாகிவிட்டது. சிவப்பிலும் கறுப்பிலும் போர்டை மாட்டினேன்.

பட்டறை ரெக்டிஃபையரில் திருகுவதற்கு ஒரே சக்கரம், கரண்டுக்கு. சாமானைத் தொட்டியில் இறக்கும்போது கரண்ட் பூஜ்யத்தில் இருக்கும், பிறகு மெல்ல ஏற்றுவோம். எடுத்தவுடன் ஏற்றினால் சாமான் கருகும். அதனால் கரண்ட் குமிழை இடது கோடிக்குத் திருகிவிட்டு வோல்ட்டைத் தொட்டேன். போர்டுக்கு வேண்டியது ஒன்பது. முள் அசையவில்லை. இன்னும் திருகினேன். அசையவில்லை. குமிழ் வலது கோடியில் போய் முட்டியது. முள் பூஜ்யத்திலேயே கிடந்தது.

"கடைக்காரன் செத்த பெட்டிய தலையில கட்டிட்டானா?" என்றார் முதலாளி.

தொட்டியில் முலாம் பிடிக்காவிட்டால் கரண்டைக் கூட்டுவோம். கூட்டினேன். முள் மீட்டரின் மறுகோடிக்குப் பாய்ந்தது. போர்டிலிருந்து வெள்ளையாக ஒரு புகை.

"அரே, பந்த் கர்! நிறுத்துல!" என்று கத்தினார் முதலாளி.

அணைத்தேன். டிரான்சிஸ்டர் ஒன்று வெடித்துக் கிடந்தது. சைனப் போர்டைக் கையில் எடுத்தாள். "கண்ணு நோக வச்ச சாலிடர்ணே இது" என்றாள்.

அனந்தநாராயணன் தலையில் கைவைத்தார். "கரண்ட் குமிழ் தள்றதுக்கு இல்லேடா. இதுக்கு மேலே விடாதேன்னு தடுக்கறதுக்கு. போர்டு தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கும். பூஜ்யத்திலே தடுத்து வெச்சா வோல்ட் எப்படி எழுந்திருக்கும்? போர்டை மாட்டறதுக்கு முன்னாடியே வோல்ட்டை ஒம்பதுக்கு வைக்கணும். அப்புறம் சிவப்பையும் கறுப்பையும் ஒரு கம்பியாலே ஷார்ட் பண்ணி, கரண்டுக்கு எல்லை வைக்கணும். அதுக்கப்புறம்தான் போர்டு."

"ஷார்ட்டா சார்? எரிஞ்சிராதா?"

"இதுலே எரியாது."

"பொறவு போர்டு ஏன் எரிஞ்சிச்சி?"

வலது கோடியிலேயே நின்ற வோல்ட் குமிழை அவர் விரலால் தட்டிக் காட்டினார்.

"போதும் வே" என்றார் முதலாளி. "டோம்பிவிலியில ஐ.டி.ஐ. படிச்ச ஆளு ஒருத்தன் இருக்கான், அவன வரச் சொல்லுதேன். நீ இன்னிக்கே தொட்டிக்குப் போ."

ரயிலில் நின்றுகொண்டே யோசித்தேன். தொட்டிக்கு நான் கொடுப்பதை அது வாங்கிக்கொள்ளும். போர்டு தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும் என்கிறார். அப்படியானால் தாங்காததை ஏன் எடுத்தது? ஷார்ட் பண்ணினால் எரியாத பெட்டி, ஒழுங்காக மாட்டினால் எரிக்கிறது. வோல்ட்டைக் கோடியில் விட்டது தப்பு, அதுவரை புரிகிறது. ஆனால் முள் ஏறாதபோது குமிழ் எங்கே நிற்கிறது என்று யார் பார்ப்பார்கள்? தாராவிக்கு இறங்கவேண்டிய சயான் வந்தது. இறங்கினேன். பச்சை முனை எதற்கு என்று இன்னமும் தெரியவில்லை.

பட்டறையில் ஷிப்ட் ஆட்கள் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். கடைசியாக நான் உள்ளே போனேன். நிக்கல் தகடு திருட்டுப் போகிறது என்று ராத்திரி ஆட்களைப் பூட்டித்தான் வைப்பார்கள். வாட்ச்மேன் என் பின்னால் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினான்.