தவளைக்கு அடியில் ஓர் எண்

கருவிப் பெட்டியின் திரையில் இரண்டு கட்டங்கள் உண்டு. இடது கட்டம் மீத்தேனுக்கு, வலது கட்டம் கரியமில வாயுவுக்கு. அன்று காலை ஆறே முக்காலுக்கு அளவைக்காரி பெட்டியைத் திறந்தபோது, வலது கட்டத்தின் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. 'தூய சதுப்பு, துயரில்லா நாளை' என்று அச்சடித்து, ஓரத்தில் ஒரு தவளையைச் சிரிக்க விட்டிருந்தார்கள்.

யார் ஒட்டியது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. இயக்குநரின் மேசை இழுப்பறையில் அதே தவளை இன்னும் நானூறு கிடந்தது.

இயக்குநருக்கு ஆய்வு நிலையத்தில் 'பூஜ்யம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். எந்த மேடையில் ஏறினாலும் "நமது இலக்கு பூஜ்யம்" என்றுதான் ஆரம்பிப்பார். கழிப்பறைக் குழாய் மாற்றுவது பற்றிய கூட்டத்தையும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

இன்று தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கை அம்மாள் வருகிறார். ஒரே ஓர் அளவு, அவர் கண் முன்னால். எண் குறைவாக வந்தால் சதுப்பின் மதகை இனி எந்நாளும் மூட வேண்டாம். தண்ணீர் வடிந்தபடியே இருக்கும். வாசலில் 'முன்மாதிரிச் சதுப்பு' என்று பலகை ஏறும். அளவுத்தாளின் அடியில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று பூஜ்யத்துடையது, மற்றது அளந்தவளுடையது.

அவள் பணி ஆணை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிப்புக் கடிதம் தயார். காலையில் பூஜ்யம் அதைச் சட்டைப்பையிலிருந்து பாதி வெளியே இழுத்துக் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் மதகடிக்கு நடந்தாள். மதகுக்காரன் அவள் கொழுந்தன்தான். சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணி, மூஞ்சி இப்படி இருக்கு? பெட்டிக்குள்ள பாம்பு கீம்பு புகுந்துருச்சா?"

"தவளை புகுந்திருக்கு."

அவன் எட்டிப் பார்த்தான். சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. பன்னிரண்டு நாள் முன்னால் போனில் உத்தரவு போட்டு மதகைத் திறக்கச் சொன்னதும் தவளை ஒட்டிய அதே பூஜ்யம்தான். 'சார் சொன்னார், திறந்தேன்' என்று அவன் அன்றே பதிவேட்டில் எழுதி, தேதியும் போட்டு வைத்திருந்தான்.

"கையெழுத்து போடப் போறீங்களா?"

ஐந்து வருட நோட்டு அவள் தோள்பையில் கனத்தது. தண்ணீர் மண்ணுக்கு மேலே நின்றால் மீத்தேன் கூடும். தண்ணீர் நாலு விரல் கீழே இறங்கி நின்றால் இரண்டு வாயுவும் சேர்ந்து அடங்கிக் கிடக்கும். அதற்கும் கீழே போனால்தான் ஆபத்து. காற்று மண்ணுக்குள் புகும். மீத்தேன் வாய் மூடிக்கொள்ளும். ஆனால் தலைமுறை தலைமுறையாக மட்காமல் கிடந்த வேரும் இலையும் மட்கி, புகையில்லாமல் எரிய ஆரம்பிக்கும். இப்போது தண்ணீர் ஒரு முழம் கீழே. அந்த எரிதல் கரியமில வாயுவாகத் தெரிவது வலது கட்டத்தில் மட்டும்.

ஏழேகாலுக்குத் தணிக்கை அம்மாள் வந்தார். குள்ளம், கையில் குடை, வாயில் சிக்கனம். பூஜ்யம் பளபளக்கும் புதுச் செருப்போடு மரப்பாலத்தில் முன்னால் நடந்து வழி காட்டினார்.

பூஜ்யத்துக்கு அறிவியல் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வெயில் ஏறினால் மண் சூடாகி வாயு கூடும், ஆகவே இளங்காலை. நாணல் தண்டு குழாய் மாதிரி வாயுவை மேலே ஏற்றும், ஆகவே நாணல் இல்லாத மொட்டை இடம். எது எது எண்ணைக் கூட்டும் என்று நன்றாகப் படித்தவரால்தான் அத்தனையையும் இவ்வளவு பதவிசாக ஒதுக்க முடியும்.

சேற்றில் பதித்திருந்த வளையத்தின் மேல் அளவைக்காரி வாயு பிடிக்கும் கண்ணாடிக் கூண்டைக் கவிழ்த்தாள். ஐந்து நிமிடம். இடது கட்டத்தில் 2.0 என்று வந்தது. ஒரு நிமிடம் கழித்து 2.1. பூஜ்யம் தொண்டையைச் செருமிக்கொண்டு எதிர்காலத்தைப் பற்றிப் பேசலானார். மூன்றாம் நிமிடம், 2.2. அம்மாள் தலையசைத்தார். அளவைக்காரியின் கட்டைவிரல் தவளையின் ஓரத்தில் இருந்தது, வியர்வையில் வழுக்கியது. இன்னும் இரண்டு நிமிடம். அப்புறம் கையெழுத்துக்குத் தாள் நீளும்.

பூஜ்யத்துக்குப் போட்டோ நினைவு வந்தது. போனை மதகுக்காரனிடம் நீட்டினார். அவன் வாங்கி, ஒரு கண்ணை மூடி, ரொம்ப அக்கறையாகப் பார்த்தான்.

"சார், பின்னாடி இருக்கிற போர்டு வரல. ஒரு எட்டு அந்தப் பக்கம் போங்க. இன்னும் கொஞ்சம்."

'பலகையை விட்டு இறங்காதீர்' என்று அளவைக்காரியே எழுதி நட்ட போர்டு அது. அது படத்தில் முழுசாக விழுவதற்காகப் பூஜ்யம் பலகையை விட்டு இறங்கினார்.

இடது கால் முழங்கால்வரை போயிற்று. அடிச்சேற்றில் அடைந்து கிடந்த வாயு அவர் எடை தாங்காமல் கூண்டுக்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. 2.2 என்பது 9 ஆனது. 9 என்பது 31 ஆனது.

"என்னங்க இது?" என்றார் அம்மாள்.

"இது... இது என் காலால வந்தது மேடம். அளவு இல்ல இது. ஏம்மா, அந்த எண்ணை அடிச்சிரு."

"ஒரு கால் வச்சா இவ்வளவு மாறுமா?"

பூஜ்யத்துக்கு வேறு வழியில்லை. சேற்றில் நின்றபடியே விளக்கினார். கால் மட்டுமில்லை, எல்லாமே மாற்றும் என்றார். சூடு மாற்றும், செடி மாற்றும். வாய் தன் பாட்டுக்கு ஓடியது. "தண்ணி மட்டம் மாறினாக்கூட மாறும் மேடம்."

அம்மாள் அளவைக்காரியின் பக்கம் திரும்பினார். "தண்ணி மட்டம் மாறுச்சா?"

நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த எண்ணையும் அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். அவள் 31-ஐக் கோடிட்டு அடித்தாள். காரணம்: இயக்குநர், இடது கால். நோட்டை அம்மாளிடம் கொடுத்தாள். மேலே பன்னிரண்டு நாள் தண்ணீர் இறங்கிய கணக்கு வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது: மதகு திறப்பு, இயக்குநர் உத்தரவு.

பூஜ்யத்தின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. கடிதம் பாதி வெளியே வந்தது. அவர் அதை அவளுக்கு மட்டும் தெரியும்படி பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் பார்த்தாள். கடிதத்தையும் பார்த்தாள், சேற்றையும் பார்த்தாள். பிறகு கட்டைவிரல் நகத்தால் தவளையை உரித்தாள்.

வலது கட்டத்தில் 1,140. வெளிக்காற்றில் நானூற்றுச் சொச்சம்தான் இருக்கும். சில விநாடியில் 1,163. அந்த எண்ணுக்கு நின்று மூச்சு வாங்கும் பழக்கமே இருப்பதாகத் தெரியவில்லை.

"இது காலால வந்தது இல்ல மேடம். மூடின நிமிஷத்துலேர்ந்தே ஏறிக்கிட்டிருக்கு," என்றாள். "மண்ணு எரியுது. இந்தத் தாள்ல நான் கையெழுத்து போட மாட்டேன்."

அது வேறு கணக்கு என்று பூஜ்யம் ஏதோ தொடங்கினார். அம்மாள் குடையை லேசாக உயர்த்தினார்; அவர் நிறுத்திக்கொண்டார்.

"மதகை மூடுங்க. நோட்டுல இருக்கிற அந்த நாலு விரல் மட்டம். ஒரு வருஷத்துக்கு ரெண்டு கட்டத்து எண்ணும் எனக்கு வரணும்."

மதகுக்காரன் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தான். கொஞ்ச நேரத்தில் சக்கரம் கிறீச்சிட்டது. எண்ணெய் போட்டும் கிறீச்சிட்டது.

கடிதம் சட்டைப்பைக்குள்ளேயே திரும்பிப் போயிற்று, இந்தத் தரம் முழுதாக. மாதக் கடைசிக்கு இன்னும் பத்தொன்பது நாள். அந்த ஒரு வருட எண்களை யார் எடுத்து அனுப்புவார்கள் என்பதை அம்மாளும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பிற்பகலில் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் போட்டோ ஏறியது. 'நம் இயக்குநர் நேரடியாகக் களத்தில் இறங்கி உண்மையை வெளிக்கொணர்ந்தார்' என்று கீழே எழுதியிருந்தது. படத்தை முழங்காலுக்கு மேலே வெட்டியிருந்தார்கள்.

சேற்றிலிருந்து அவர் காலை மட்டும்தான் உருவி எடுக்க முடிந்திருந்தது. செருப்பு உள்ளேயே போய்விட்டிருந்தது. அன்று காலையில் எல்லோரும் கிளம்பியதுமே அளவைக்காரி மரப்பாலத்தில் குந்தி உட்கார்ந்து நோட்டைத் திறந்து எழுதினாள்: எட்டு மணி பத்து. வளையத்துக்கு அருகே அந்நியப் பொருள், ஒற்றைச் செருப்பு. குமிழ் இன்னும் நிற்கவில்லை.