சைரன் மேடம் தீர்ப்புச் சொல்லவில்லை

அரசியலமைப்புச் சட்டப் பாடம் என்றாலே பத்தாம் வகுப்புக்குக் கொட்டாவி வந்துவிடும். குடிமையியல் ஆசிரியை அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவள் இல்லை. படிக்கிற காலத்தில் அவளும் அந்தப் பாடத்தை மென்று விழுங்கித் தேர்வுத்தாளில் கக்கியவள்தான். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரமும் ஆகவில்லை. ஆனாலும் இந்த ஒரு பாடத்தை மட்டும் ஒப்பேற்றிவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

அன்று கடைசி வரிசையிலிருந்து 'வக்கீல்' எழுந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வகுப்பே அவளுக்கு வைத்த பெயர் அது.

"டீச்சர், இது தாத்தா காலத்துல எழுதினது. இன்னைக்கு எதுக்கு?"

"உங்க வீட்டுல டிவி ரிமோட் யார் கையில?"

"அண்ணன் கையில."

"எந்த சேனல்னு முடிவு பண்றது?"

"அவன்தான்."

"சண்டை வந்தா பஞ்சாயத்து பண்றது?"

"அதுவும் அவன்தான் டீச்சர். அம்மா வேலைக்குப் போயிருப்பாங்களே!"

"உனக்கு எப்பவாவது நியாயம் கிடைச்சிருக்கா?"

"கனவுலகூட இல்ல."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை ஆசிரியை காத்திருந்தாள்.

"அண்ணன் கெட்டவன்னு நான் சொல்லல. எல்லாமே ஒருத்தர் கையில இருந்தா நல்லவங்களுக்கும் தன் பக்கம்தான் சரின்னு தோணும். அதனாலதான் சட்டம் போடுறவங்க வேற, அதை நடத்துறவங்க வேற, தப்பா சரியான்னு பார்க்கிறவங்க வேறன்னு பிரிச்சு வச்சாங்க. தாத்தா காலத்துல எழுதினதுதான். ஆனா அதிகாரம் தாத்தாவோட போயிடலையே. அது இருக்கிற வரைக்கும் இதுவும் வேணும்."

வக்கீல் உட்கார்ந்தாள். அன்று முதல்முறையாக அந்த வகுப்பில் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அதே வாரத்தில் பள்ளி ஒரு நாள் காலை அல்லோலகல்லோலப்பட்டது. புதிதாக வெள்ளையடித்த அரங்கச் சுவரில் கறுப்புப் பெயிண்டில் 'சைரன் ஒழிக' என்று யாரோ பட்டை பட்டையாக எழுதியிருந்தார்கள். சைரன் என்பது தலைமையாசிரியை. அவர் வாசலில் நின்று குரல் கொடுத்தால் மூன்றாவது மாடியில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, ஒவ்வொரு குழாயும் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார். அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்ததும் அவரே.

பத்தாம் வகுப்பில் 'மின்னல்' என்று ஒருத்தி உண்டு. ஓட்டப் பந்தயக்காரி. அவள் நகக்கண்ணில் கறுப்புப் பெயிண்ட் இருந்ததைத் தலைமையாசிரியை பார்த்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த மாதம் முழுக்க வகுப்புக்கு வராதே, ஓட்ட அணியிலிருந்தும் உன்னை எடுத்தாயிற்று என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மதியம் வரைபடச் சுருளையும் பாடப்புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு வந்த குடிமையியல் ஆசிரியை, தலைமையாசிரியை அறை வாசலில் வக்கீலும் இன்னும் நாலைந்து பேரும் நிற்பதைக் கண்டாள்.

"திட்டு வாங்கினது நீங்க மேடம்," என்று வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கினாலும் நிறுத்தவில்லை. "விசாரிச்சதும் நீங்க. தண்டனை கொடுத்ததும் நீங்க. மூணுமா ஒருத்தரே இருக்கக் கூடாது மேடம். அவ பக்கத்தை யாருமே கேக்கல."

தன் வேலைக்கே உலை வைத்துவிட்டார்கள் என்று ஆசிரியைக்குத் தோன்றியது. கூடவே, அந்த நடுங்கும் குரலைக் கேட்க அவ்வளவு பெருமையாகவும் இருந்தது.

"யார் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" என்றார் தலைமையாசிரியை.

"நான்தான் மேடம்." ஆசிரியை சுருளோடு உள்ளே வந்தாள். "பாடம் நடத்தினேன். இங்க வரச் சொல்லல. ஆனா அவங்க சொல்றதுல தப்பு இருக்கிறதா எனக்குத் தெரியல."

தலைமையாசிரியை பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினார். பிறகு கை நீட்டி, "அந்தப் புத்தகத்தைக் கொடுங்க," என்றார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவர் பேசினார். "என்னைப் பத்தி எழுதினதுக்கு நானே தீர்ப்பு சொல்ல முடியாது. நூலகரும் கணக்கு சாரும் மாணவர் தலைவியும் விசாரிப்பாங்க. நான் புகார் கொடுத்தவளா வந்து உட்காருவேன். மின்னல் இன்னைக்கே வகுப்புக்கு வரலாம்."

அப்படியே வந்து உட்கார்ந்தார். நூலகத்தில், மாணவர்கள் உட்காரும் குட்டை பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க. மின்னலுக்காகப் பேச வக்கீல் எழுந்தாள்.

"அவ எழுதினதை நீங்க பார்த்தீங்களா மேடம்?"

"இல்ல."

"முந்தின நாள் ஓவிய வகுப்பு. எங்க எல்லார் கையிலயும் பெயிண்ட் இருந்துச்சே?"

தலைமையாசிரியை யோசித்தார். "அது எனக்குத் தெரியாது. நான் கேட்டிருக்கணும்."

வக்கீல் வெற்றி முகத்தோடு திரும்பினாள். அப்போது மின்னல் எழுந்து, "நான்தான் எழுதினேன்," என்றாள்.

வக்கீலின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. நூலகர்தான் மெதுவாக, "ஏம்மா?" என்று கேட்டார்.

"அம்மா பஸ் ஓட்டுறாங்க. பெற்றோர் கூட்டத்துக்கு டியூட்டி முடிஞ்சு நேரா ஓடி வந்தாங்க. கொஞ்சம் லேட். கேட்டுல வச்சு மேடம், 'பிள்ளை மேல அக்கறை இருந்தா நேரத்துக்கு வந்திருப்பீங்க'ன்னு எல்லார் முன்னாடியும் கத்தினாங்க. அம்மா அன்னைக்கு சாப்பிடவே இல்ல."

"எனக்கு ஞாபகமே இல்ல," என்றார் தலைமையாசிரியை. அவர் குரல் பக்கத்து மேசைக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

மூவரும் கூடிப் பேசி முடிவு சொன்னார்கள். மின்னல் சுவருக்குத் தானே வெள்ளையடிக்க வேண்டும். வகுப்பும் ஓட்ட அணியும் அவளுக்கு உண்டு. நூலகர் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "இனிமே எந்தப் பிள்ளையை வெளிய அனுப்புறதா இருந்தாலும் முதல்ல அது சொல்றதைக் கேக்கணும். இதைப் பள்ளியோட விதியா வைக்கணும்."

எல்லோரும் தலைமையாசிரியை இருந்த பெஞ்சைப் பார்த்தார்கள். முடியாது என்று அவர் எழுந்து போயிருந்தால் அந்த அறையில் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். குடிமையியல் ஆசிரியையும் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறிவிப்புப் பலகையில போடுங்க," என்றார் தலைமையாசிரியை. "நான் கையெழுத்துப் போடுறேன்."

இத்தனை நாள் தானும் இவரைக் கண்டு ஒதுங்கிப் போனோமே என்று ஆசிரியைக்கு இருந்தது. புத்தகத்தில் இருப்பதை வாயால் சொல்ல அவளுக்குத் தெரியும். கையில் இருக்கும் அதிகாரத்தை இப்படி இறக்கி வைப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

வெளியே வந்ததும் வக்கீல் அவளைப் பிடித்துக்கொண்டாள். "என் மானமே போச்சு டீச்சர்! அவதான் செஞ்சான்னு தெரிஞ்சிருந்தா நான் பேசியே இருக்க மாட்டேன்."

"நீ பேசலைன்னா அவ அம்மா விஷயம் யாருக்குடி தெரிஞ்சிருக்கும்?"

வக்கீல் யோசித்தாள். "ஆமால்ல," என்றவள், வெள்ளையடிக்க இரண்டாவது பிரஷ் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே அரங்கத்துக்கு ஓடினாள்.

பள்ளியிலிருந்து அழைப்புப் போய், மறுநாள் மின்னலின் அம்மா ஓட்டுநர் சீருடையோடு வந்தார். மகள் என்ன செய்து வைத்தாளோ என்று முகமெல்லாம் கலக்கம். தலைமையாசிரியை அவரைத் தன் அறைக்கு வரச் சொல்லவில்லை. தானே கேட்டுக்கு நடந்து போனார். பிள்ளைகள் உள்ளே வந்துகொண்டிருக்கும் நேரம்.

"அன்னைக்கு இங்க வச்சு நான் பேசினது தப்பும்மா. மன்னிச்சிடுங்க." எப்போதும் போல உரக்கத்தான் சொன்னார். மூன்றாவது மாடி ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

அந்த அம்மாள் திகைத்துப்போய், பிறகு சிரித்துவிட்டார். "விடுங்க மேடம். நானும் நாள் பூரா ரோட்டுல ஹார்ன் அடிக்கிறவதான். யார் யாரைத் திட்டினோம்னு சாயங்காலம் நமக்கு ஞாபகமா இருக்கு?"

தலைமையாசிரியையும் சிரித்தார். இருவரும் பேசிக்கொண்டே, வெள்ளையடித்த சுவரைப் பார்க்க அரங்கத்தின் பக்கம் நடந்தார்கள்.